இடக்கைச் சரம்

சிவகாசியில் யார் எந்தத் தொழில் தொடங்கினாலும் முதலில் தாள் வேண்டும். தாள் வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்காரர் காதர் பாட்சாவின் கடைக்கு வரவேண்டும். கடைக்குப் பின்னாலேயே வீடு; நடுவில் ஒரு திரைச்சீலை மட்டும். ஆகவே ஊரில் நடப்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்றால் அது என் குற்றமல்ல. திரை மெல்லிசு.

பெண்சுடர் விழிப்புணர்வு அறக்கட்டளை வந்து சேர்ந்ததும் அந்தத் திரை வழியாகத்தான். எங்கள் ஊரில் சுடர் என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தாலே நாங்கள் இரண்டடி தள்ளி நிற்போம். குடும்ப வன்முறைச் சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தீபாவளி சீசன் சூடு பிடிக்கிற ஆடி மாதம். அறக்கட்டளையின் தலைவர் ரத்தினசாமி கதர் ஜிப்பாவும் தோள்பையுமாகக் கடைக்குள் நுழைந்தார்.

"ஐயா, நாலு கலரில் குழாய்த் தாள் வேண்டும். இந்த ஊரின் மௌனத்தை வெடிக்க வைக்கப் போகிறோம்."

எங்கள் வீட்டுக்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். "லைசென்ஸ் இருக்குல்ல?"

ரத்தினசாமி சிரித்துவிட்டு விளக்கினார். ஓர் ஊரில் பெண்கள் தங்கள் வேதனையைப் போர்வையாகத் தைத்தார்களாம். இன்னோர் ஊரில் சட்டையில் எழுதிக் கொடியில் காயப்போட்டார்களாம். எங்கள் ஊர்ப் பெண்களின் கைவேலை சரவெடி பின்னுவது. ஆகவே இங்கே சரம். மருந்து கிடையாது, திரி கிடையாது. வெறும் காகிதக் குழாய், சாதா நூல். பெண்ணுக்கு ஒரு சரம். புருஷன் கைநீட்டி அடித்தால் சிவப்புக் குழாய். வாயால் அடித்தால் பச்சை. கூலியையும் சோற்றையும் பிடுங்கிக்கொண்டால் மஞ்சள். வெளியே சொல்லமுடியாததற்கு நீலம். எல்லாச் சரத்தையும் ஒரு கல்யாண மண்டபத்தில் தொங்கவிட்டு விழா.

"அடிக்கிறதை நிறுத்துறதுக்கு என்ன கலருங்க?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். தாள் வியாபாரி, எவ்வளவு வெட்டவேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேட்டார், வேறொன்றுமில்லை.

"அது மூன்றாம் கட்டம். இப்போது நடப்பது முதல் கட்டம்" என்றார் ரத்தினசாமி.

எங்கள் வீட்டுக்கும் முத்துமாரி வீட்டுக்கும் ஒரே சுவர். ஏழாயிரம்பண்ணையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவள் புருஷன் பெத்தணன், விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் பின்னல் ஷெட்டில் சரங்களைச் சரிபார்க்கிற செக்கர்; அவளும் எங்கள் தெருப் பெண்களும் பின்னுவது அதே ஷெட்டில்தான். தெருவில் அவனைப்போல ஒரு தங்கமான ஆளைப் பார்க்கமுடியாது. குடம் சுமந்து வரும் பெண்களுக்குச் சாக்கடை ஓரம் ஒதுங்கி வழிவிடுவான். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினால், சரம் அளக்கிற மரக்கோல் கைக்கு வந்துவிடும்.

அவன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும், அரசாங்கம் கொடுத்த கலர் டிவியின் சத்தம் எங்கள் தெருவில் வீடு வீடாக உயரும். நாடகத்தில் ஒருத்தி அழுவாள், விளம்பரத்தில் ஒருத்தி சிரிப்பாள். இதில் முத்துமாரி குரல் எது என்று பிரித்துக் கேட்க வேண்டுமென்றால் என்னைப்போலச் சுவரோடு ஒட்டி உட்காரவேண்டும். மறுநாள் காலையில் பெத்தணன் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டே, "என்னக்கா, நேத்து நாடகம் நல்லா இருந்துச்சா?" என்று என்னிடம் கேட்பான். அந்தக் கோல் பட்டுத்தான் முத்துமாரிக்கு வலது காது மந்தமாகிப் போனது.

ஒரு தடவை சுவர் வழியாக அவன் சொன்னது இன்னும் எனக்குள் கிடக்கிறது. கத்திச் சொல்லவில்லை. சாவகாசமாகச் சொன்னான். "வெளியில எம் பேரு வந்துச்சு, அன்னைக்கே முடிச்சிருவேன். நம்மூர்ல ஒரு பொம்பள கருகிக் கிடந்தா, பட்டாசுக் கம்பெனியில எந்த ரூம்ல வேலை பாத்தான்னுதான் கேப்பாக. ஏன் செத்தான்னு எவனும் கேக்க மாட்டான்."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் பயம்.

முதல் கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். பேச்சு முடிந்ததும் முத்துமாரி எழுந்தாள்.

"சார், நேத்தும் அடிச்சாரு. இதை யார்ட்ட போய்ச் சொல்லணும்?"

ரத்தினசாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "அருமை! முதல் நாளே மௌனம் உடைந்துவிட்டது. எல்லோரும் கைதட்டுங்கள்." தட்டினோம். "கையாலா, வாயாலா?"

"கோலால சார்."

அவர் கையிலிருந்த விளக்கத் தாளைப் புரட்டிப் பார்த்தார். "கோல் தனியாக இல்லையே. சிவப்பிலேயே போட்டுக்கொள்ளுங்கள்."

"அது இல்ல சார். சொன்னா நிறுத்துவாகளா?"

"அவசரப்படுகிறீர்கள் அம்மா. வலி உள்ளே இருக்கும்வரை வெறும் வலி. வெளியே தொங்கவிட்டால் கலை. கலையாகிவிட்ட பிறகு அது உங்கள் பிரச்சினையே இல்லை, சமூகத்தின் பிரச்சினை."

தன் பிரச்சினை தன்னிடமிருந்து போகப்போகிறது என்பது மட்டும் முத்துமாரிக்குப் புரிந்தது. "எம் பேரு வருமா சார்?"

"வரவே வராது. அடையாளம் காப்பது எங்கள் கொள்கை. எந்தச் சரம் யார் பின்னியது என்று ஆண்டவனுக்குக்கூடத் தெரியாது."

ஆண்டவனுக்குத் தெரியாமல் போகலாம், செக்கருக்குத் தெரியும். ஷெட்டில் எல்லாருடைய சரமும் ஒரே குவியலாகத்தான் கிடக்கும். செக்கர் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் ஒரு வருடு வருடி, இது செல்லத்தாய் கை, இது புதுப்பிள்ளை கை என்று பிரித்துப் போடுவான். பின்னல் என்பது எங்கள் ஊரில் முகம் மாதிரி. அதிலும் முத்துமாரி இடக்கைக்காரி. மற்றவர்கள் பின்னல் வலப்பக்கம் சாயும், அவளுடையது இடப்பக்கம் சாயும். சிறுபிள்ளைகூடச் சொல்லிவிடும்.

இது தெரியாதவள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியும் கிடையாது. ஆனால் ஒருத்திக்கும் அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. கூலி இல்லாமல் சரம் பின்னியது எங்களுக்கு அதுதான் முதல் தடவை. கூலி இல்லாத சரத்துக்குச் செக்கர் ஏது?

அப்புறம் பத்து நாள் மத்தியானங்களில் கூடத்தில் பின்னினோம். எனக்குப் பின்னல் வராது. தாள் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் உட்கார்ந்திருந்தேன். அழுகைதான் வரும் என்று எதிர்பார்த்து ரத்தினசாமி ஒரு பெட்டி நிறையக் காகிதக் கைக்குட்டை வாங்கி வைத்திருந்தார். வந்தது சிரிப்பு. "ஏட்டி, உன் சரத்துல என்ன ஒரே பச்சையா இருக்கு?" "எங்க மாமியாளையும் சேத்திருக்கேன்க்கா."

நாலைந்து நாளில் சிவப்புத் தாள் தீர்ந்துபோயிற்று. எங்கள் கடையில் இருந்தது. ஆனால் அவர்கள் திட்டத்தில் சிவப்புக்கு ஒதுக்கீடு அவ்வளவுதானாம்.

"மீதி அடிகளைப் பச்சையில் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா" என்றார் ரத்தினசாமி.

செல்லத்தாய் எங்கள் தெருவில் மூத்த பின்னல்காரி; வாயும் மூத்த வாய். "அப்பம் எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிருதேன் சார். சிவப்புத்தாள் ஸ்டாக் இல்லையாம், சீசன் முடியுற மட்டும் வாயாலேயே அடிச்சுக்கிடும்னு."

ரத்தினசாமி அதைக் குறித்துக்கொண்டார். சமூக உரையாடல் தொடங்கிவிட்டது என்று அறிக்கையில் போடுவதற்காம்.

முத்துமாரியின் சரத்தில் மட்டும் சிவப்புக்குக் குறைவில்லை. முதலிலேயே உருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குழாயையும் கொஞ்ச நேரம் விரலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நூலில் கோப்பாள். எது எந்த அடி என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. பின்னி முடித்த அன்றைக்கு, கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் பார்க்காத ஒரு முகத்தோடு வீட்டுக்குப் போனாள். சரங்கள் எல்லாம் மண்டபத்துக்குப் போய்ச் சுவர் நெடுகத் தொங்கின.

ஆவணி பிறந்துவிட்டது. விழாவுக்கு முந்தின நாள் காலையில் ரத்தினசாமி கடைக்கு வந்து ஒரு சந்தோஷச் செய்தி சொன்னார்.

"ஆண்களின் பங்கேற்பு எங்கே என்று, திட்டத்துக்குப் பணம் தருகிற டெல்லி அலுவலகத்தில் கேட்டுவிட்டார்கள் பாய். அதனால் சிறந்த சரத்தைத் தேர்ந்தெடுக்க ஓர் ஆண் நடுவர் போட்டிருக்கிறோம். தொழில் தெரிந்தவர், பெண்களிடம் மரியாதையானவர். யார் என்கிறீர்கள்? உங்கள் பக்கத்து வீட்டுப் பெத்தணன்! கேட்டதும் ஒத்துக்கொண்டார்."

நான் திரையை விலக்கிக்கொண்டு கடைக்குள்ளேயே வந்துவிட்டேன். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து செய்யாத காரியம்.

"சார், அந்த ஆளுதான் சார் அடிக்கிறது!"

ரத்தினசாமி காதுகளைப் பொத்திக்கொள்ளாத குறை. "அம்மா, தனிநபர் பற்றி நாங்கள் பேசுவதில்லை. கொள்கை."

சுவருக்கு அந்தப் பக்கம் முத்துமாரி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் போனபோது அடுப்பங்கரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷன் வேலைக்குப் போயிருந்தான். நடுவர் என்று எழுதிய அட்டை ஒன்று, ரிப்பன் பூவோடு, அலமாரியில் சாய்த்து வைத்திருந்தது.

"சபுராக்கா, என் சரத்தை அவரு பாத்துருவாரு."

"பாத்தா என்ன, பேரு இல்லைல்ல" என்று நான் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவள் இடது கை அடுப்புக் கரியோடு சுவரில் பதிந்திருந்தது. அப்போதுதான் எனக்கே உறைத்தது.

செல்லத்தாயையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினோம். ரத்தினசாமி ஒரு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், என் சரத்தைக் கொடுத்துருங்க. வீட்டுக்குக் கொண்டு போயிருதேன்" என்றாள் முத்துமாரி.

"முடியாது அம்மா. காட்சிப் பொருளாகப் பதிவான எதையும், டெல்லியிலிருந்து பார்வையாளர்கள் வந்து பார்க்கும்வரை, மண்டபத்தை விட்டு அசைக்கக் கூடாது. நிபந்தனை."

"டெல்லிக்காரக எப்பம் வருவாக?"

"அது அவர்கள் வசதி."

"என் புருஷன் பாத்தா என்னைக் கொன்னுருவாரு சார்."

ரத்தினசாமி ஏணியை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது, பொய் சொல்லக்கூடாது. "இதைத்தான் அம்மா நாளைக்கு நீங்கள் மேடையில் சொல்லவேண்டும். இதே வார்த்தை, இதே குரல். ஒரு நிமிஷத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்."

வெளியே வந்ததும் முத்துமாரி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏழாயிரம்பண்ணைக்கு பஸ் ஏறிவிடலாமா என்றாள். அண்ணன் வீட்டில் போன தடவை இரண்டு நாளில் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பியதை அவளே சொன்னாள். சரத்தைப் பிரித்து வலக்கையால் பின்னிவிடலாமா என்றாள். கோணிக்கொண்டு போகும், அந்தக் கோணலையும் அவன் கண்டுபிடித்துவிடுவான் என்று அதற்கும் அவளே பதில் சொன்னாள்.

செல்லத்தாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "வெளியில கொண்டு போகத்தான கூடாதுன்னாரு? உள்ளேயே பிரிச்சுப் பின்னக் கூடாதுன்னு சொல்லலையே."

"நான் எப்படிக்கா மாத்துவேன்?"

"நீ ஏன்டி மாத்தணும்? நாங்க மாத்துதோம்."

விழா சாயங்காலம் நாலு மணிக்கு. அன்று காலையிலேயே நாற்பது பேரும் மண்டபத்தில் இருந்தோம். அலங்காரம் செய்கிறோம் என்று சொன்னதும் மண்டப மேனேஜர் அய்யாதுரை திறந்துவிட்டார். "ஏ ஆத்தாமாரே, நாளைக்கு இங்கன முகூர்த்தம். ஆணி கீணி அடிச்சிராதீக" என்றதோடு சரி.

முத்துமாரி சரத்தைத் தொடவில்லை. மற்ற சரங்களை எல்லாம் இறக்கி, பிரித்து, அதே குழாய்களை அதே வரிசையில் வைத்துக்கொண்டு, எல்லாரும் இடக்கையால் பின்னத் தொடங்கினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னச் சொன்னால் பின்னிவிடுவார்கள். இடக்கை என்றதும் விரல் விரலோடு சண்டை போட்டது. "ஏ, இந்தக் கையால இதுக்கு முன்னால என்ன வேலை செஞ்சேன்னு உங்களுக்கே தெரியும், சிரிக்காதீக" என்றாள் செல்லத்தாய். முத்துமாரி ஒவ்வொருத்தியின் பின்னாலும் போய் நின்று, அவள் விரலைப் பிடித்து நூலை எந்தப் பக்கம் தள்ளவேண்டும் என்று காட்டினாள். கோணிய இடத்தை எல்லாம் பிரித்து மறுபடி பின்னவைத்தாள். மத்தியானத்துக்கு மேல் சிரிப்பும் நின்றுவிட்டது. வாசலில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பியது.

நடுவில் ரத்தினசாமி வந்து பார்த்து, "ஈடுபாடு! ஈடுபாடு!" என்று இரண்டு படம் எடுத்துக்கொண்டு போனார்.

கடைசிச் சரம் மேலே ஏறியபோது மேடையில் மைக் சோதனை நடந்துகொண்டிருந்தது.

விழாவுக்குப் பெரிய ஆட்கள் பலர் வந்திருந்தார்கள், மேடை கொள்ளவில்லை. புதுச் சட்டப்படி பெண்களின் புகார் வாங்குவதற்கென்றே நியமிக்கப்பட்ட ஓர் அலுவலர் அம்மாவும் வந்திருந்தார். ஓர நாற்காலி கொடுத்திருந்தார்கள். அவர் ரத்தினசாமியிடம், "புகார் ஏதும் இருக்கா சார்?" என்று கேட்டது முன் வரிசையில் இருந்த எனக்கு நன்றாகக் கேட்டது.

"புகாரெல்லாம் எதற்கு மேடம்? இது விழிப்புணர்வு நிகழ்ச்சி."

பெத்தணன் வெள்ளை வேட்டியும் நெஞ்சில் ரிப்பன் பூவுமாக வந்து, மேடைப் படிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். யார் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவ்வளவு பணிவு.

முதல் நிகழ்ச்சி, மௌனத்தை வெடித்தல். தலைமை விருந்தினர் ஒரு சரத்தின் நுனியில் ஊதுபத்தியை வைப்பதுபோல் வைத்தார். உடனே ஒலிபெருக்கியில் பதிவு செய்த வெடிச் சத்தம். ரத்தினசாமி எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் இன்ப அதிர்ச்சியாக வைத்திருந்தது.

நாற்பது பேரும் எழுந்து வெளியே ஓடிவிட்டோம். செருப்பு எடுக்கவில்லை. வெட்டவெளியில் போய் நின்று, எங்கள் ஊர் வழக்கப்படி, யார் வந்துவிட்டார்கள் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டோம். உள்ளே மேடைக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது ரத்தினசாமி மைக்கில், "பெண்களின் உணர்ச்சிப் பெருக்கைப் பார்த்தீர்கள்!" என்றார்.

அடுத்தது நடுவர்.

பெத்தணன் முதல் சரத்தருகே போனான். விரலால் ஒரு வருடு. நின்றான். தலையைத் திருப்பிக் கூட்டத்தில் முத்துமாரியைத் தேடிப் பிடித்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சிரிப்புக்கூட அப்படியே இருந்தது. முத்துமாரி என் கையைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்த தடம் ஒரு வாரம் இருந்தது எனக்கு.

இரண்டாவது சரத்துக்குப் போனான். வருடினான். சிரிப்பு போய்விட்டது. மூன்றாவது. நாலாவதைத் தொடவே இல்லை, பார்த்தான். அப்புறம் சுவரை ஒட்டி வேகமாக நடக்க ஆரம்பித்தான். எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. எல்லாவற்றிலும் சிவப்பு இருந்தது. மண்டபத்தின் மறுகோடிவரை போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்தான். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் சுவர் முழுக்க ஒரே கைதான்.

"நடுவர் அவர்களே! சிறந்த சரம் எது?" ரத்தினசாமி மைக்கை எடுத்துக்கொண்டு அவனிடமே போய்விட்டார்.

"சார், இது அம்புட்டும் ஒரே கை." பெத்தணன் குரல் மைக்கில் கரகரத்தது. "எங்க வீட்டுக்காரி கை."

"ஆஹா! மனைவியின் கையைத் தொட்டே அறிகிற கணவர்! கைதட்டுங்கள்!"

மேடை தட்டியது. நாங்கள் தட்டவில்லை. அந்த அமைதியில் பெத்தணனுக்கு வியர்த்தது. மூச்சு வாங்க, சுவரைக் காட்டி, ஷெட்டில் கணக்குத் தவறினால் முதலாளியிடம் முறையிடுகிற அதே குரலில் சொன்னான்:

"சார், இது அநியாயம் சார். இம்புட்டுச் சிவப்பு நான் அடிக்கலை. ஒரு சரம்னா ஒத்துக்கிடுதேன். நாப்பது சரமா? சத்தியமா அடிக்கலை சார்!"



ஓர நாற்காலியிலிருந்த அலுவலர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் மைக் ரத்தினசாமியிடம் இருந்தது. அவர் வெற்றிக் குரலில் முழங்கினார்: "நண்பர்களே, இதுதான் விழிப்புணர்வு! பத்தே நாளில் ஓர் ஆண் மனம் திறந்திருக்கிறார். எங்கள் திட்டத்தின் இலக்கு ஒரு கணவர். அடைந்துவிட்டோம்! யார் அடித்தார், யாரை அடித்தார் என்பதெல்லாம் சின்ன விஷயம். எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு இருக்கலாம்; மனசு திறந்ததே, அதுதான் பெரிது. இந்த உத்தமருக்குப் பொன்னாடை!"

போர்த்தினார்கள். "இவருடைய துணைவியாரும் மேடைக்கு வரவேண்டும், தம்பதியாக ஒரு படம்" என்றார்கள். முத்துமாரியை யாரோ கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். படம் எடுக்கும்போது பெத்தணன் பொன்னாடைக்கு உள்ளிருந்து அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். சிரிப்பு திரும்பி வந்திருந்தது. உதடு அசையாமல் என்னவோ சொன்னான். அவளுக்குக் கேட்காத காதுப் பக்கம் நின்றுகொண்டு சொன்னான். கேட்கவேண்டிய தேவை அவளுக்கு இல்லை.

நாட்டுப்பண் முடிந்தது. பொட்டலச் சாப்பாடு வாசலில் என்றார்கள். பெத்தணன் அவளைப் படியில் இறக்கினான். "வா, வீட்டுக்குப் போவோம்."

முத்துமாரி நாலு எட்டு வைத்தாள். தன் சரத்துக்குக் கீழே வந்ததும், கையை ஒரு வெட்டு வெட்டி உருவிக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி."

அவள் அவனைப் பார்க்கவில்லை. ரத்தினசாமியைப் பார்த்தாள். "சார், நேத்து என்ன சொன்னீக? காட்சிப் பொருளை டெல்லிக்காரக வந்து பாக்குற மட்டும் மண்டபத்தை விட்டு அசைக்கக் கூடாதுன்னீகல்ல?"

"ஆமாம் அம்மா, அது சரத்துக்கு…"

"சரத்துல இருக்குறது நான்தான சார்? அப்பம் நானும் காட்சிப் பொருளு. நான் அசைய மாட்டேன். என்னை எடுக்கக் கூடாதுன்னு இவர்ட்ட சொல்லுங்க."

செல்லத்தாய் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு சரம் இருக்கு சார்." அப்புறம் ஒவ்வொருத்தியாக அவரவர் சரத்துக்குக் கீழே உட்கார்ந்தார்கள். எனக்குச் சரம் கிடையாது. தாள் எங்களுடையது என்ற உரிமையில் நானும் உட்கார்ந்தேன்.

அய்யாதுரை ஓடி வந்தார். "ஐயா, விடிஞ்சா முகூர்த்தம்! சமையல்காரக வந்தாச்சு. இவுகளைக் கிளப்புங்க!"

"எழுந்திருங்கள் அம்மா, திட்டம் முடிந்துவிட்டது!" ரத்தினசாமி கைகூப்பினார். "விழிப்புணர்வு போதும்!"

பெத்தணன் குனிந்து அவள் தலைமுடியில் கை வைத்தான். தங்கமான ஆள், பொன்னாடையோடு, அத்தனை பேர் முன்னால்.

"கையை எடுங்க."

ஓர நாற்காலி அம்மா. மேடையிலிருந்து இறங்கி வந்திருந்தார். இவ்வளவு நேரம் யாரும் அவரைப் பேசச் சொல்லவில்லை. பேச்சாளர் பட்டியலில் அவர் இல்லை. பெத்தணன் கையை எடுத்தான். அந்த அம்மா முத்துமாரியின் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார், பட்டுச்சேலை அழுக்காவதைப் பார்க்காமல்.

"வேலையில சேந்து எட்டு மாசமா இப்படி விழாவுக்குத்தான்மா கூட்டிட்டுப் போறாக. பொன்னாடை வீட்டுல அடுக்க இடமில்லை. ஒரு புகார்கூட இன்னும் என் கைக்கு வரலை. நீங்க சொல்லுதீகளா?"

முத்துமாரி நல்ல காதை அவர் பக்கம் திருப்பினாள். "எந்தக் கலர்ல சொல்லணும்மா?"

"கலரெல்லாம் வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்க."

சொன்னாள். மேலே தொங்கிய சரத்தை நுனியிலிருந்து பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குழாயாகச் சொன்னாள். கருகிக் கிடந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவன் சொன்னதையும் சொன்னாள். சாட்சி யார் என்று அந்த அம்மா கேட்டபோது, சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவள் என்று நான் கையைத் தூக்கினேன். ஒட்டுக்கேட்கிற குணத்துக்குச் சர்க்கார் மரியாதை கிடைத்தது அன்றைக்குத்தான். அடுத்து செல்லத்தாய் தூக்கினாள், அதற்கடுத்தவள் தூக்கினாள். அய்யாதுரை மட்டும், "சீக்கிரம் சொல்லி முடிங்கத்தா, பந்தி போடணும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அன்று முத்துமாரி அந்த அம்மாவின் ஜீப்பில் போனாள். கொஞ்ச நாள் கழித்துக் கோர்ட்டில் உத்தரவு ஆயிற்று: வீட்டில் அவள் இருக்கலாம், அந்தத் தெருப்பக்கம் அவன் வரக்கூடாது. சாத்தூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டப் போகிறாள் இப்போது. சுவர் வழியாக எனக்குக் கேட்பதெல்லாம் அவள் டிவி சத்தம்தான். ஒரு காது மந்தமல்லவா, தெருவிலேயே அவள்தான் இப்போது சத்தம் கூட்டி வைக்கிறாள். காது வலிக்கிறது. ஒன்றும் சொல்வதில்லை.

டெல்லிக்காரர்கள் மார்கழியில் வந்து சரங்களைப் பார்த்தார்கள். இடப்பக்கம் சாயும் பின்னல் இப்பகுதிப் பெண்களின் பாரம்பரியம் என்று எழுதிக்கொண்டு போனார்களாம். ரத்தினசாமிக்கு இரண்டாம் கட்டம் கிடைத்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கம், உப்பில் சிற்பம் செய்யப்போகிறார்கள்.

பெத்தணன் இன்னும் விஸ்வநத்தம் ஷெட்டில் செக்கர்தான். செல்லத்தாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: அந்த ஷெட்டில் இடக்கைக்காரி என்று இப்போது யாரும் இல்லை. ஆனாலும் சில நாள், வலப்பக்கம் சாய்ந்த குவியலுக்கு நடுவே இடப்பக்கம் சாய்ந்த சரம் ஒன்று கிடக்குமாம். அவன் அதை எடுப்பானாம், விரலால் ஒரு வருடு வருடுவானாம், கீழே வைத்துவிடுவானாம். யாருடையது என்று கேட்பதில்லையாம்.